பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எலக்ட்ரிக்கல்காரன் நீ, இங்கிலீஷ் கிராமரா பேசப்போறே?" என்று பக்கத்து நாற்காலி நண்பன் இப்போதுதான் கேட்டான். ஆமாம். அதிலும் ஒரே ஒரு விஷயம்தான். கேப்பிடல் எழுத்தை எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது என்பது. அதில் நான் பட்டதைச் சொல்லிவிட்டு விதிகளுக்கு வருகிறேன்.

நான் தமிழ் மீடியம். நம் எழுத்தில் பெரிசு, சிறிசு என்ற பேதமே கிடையாது. அதனால் இங்கிலீஷில் பெரிய எழுத்து என்றால் மரியாதை என்று எப்படியோ மனதில் பதிந்துவிட்டது. விண்ணப்பப் படிவங்களும் அதையேதானே கேட்கின்றன!

வேலையில் சேர்ந்த முதல் வருடம். சர்க்யூட் பிரேக்கர் ஒன்றின் சோதனை அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு. பார்க்க கம்பீரமாக இருக்கட்டும் என்று கேப்ஸ் லாக்கை அழுத்திவிட்டு, முழு அறிக்கையையும் பெரிய எழுத்திலேயே அடித்தேன். கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் 0.05 மில்லி ஓம். மில்லிக்குச் சின்ன எம். என் அறிக்கையில் அது பெரிய எம் ஆகி, மெகா ஓம் ஆகிவிட்டது. வித்தியாசம் நூறு கோடி மடங்கு! அந்தச் சோதனையில் 100 ஆம்பியர் செலுத்தியிருந்தோம். என் கணக்குப்படி அதற்கு 50 லட்சம் வோல்ட் வேண்டும்.

வாடிக்கையாளர் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் மேலதிகாரி என்னைக் கேட்கவில்லை. அளவெடுத்த டெக்னீஷியனைத்தான் கூப்பிட்டுத் திட்டினார். வயதில் பெரியவர். பதில் பேசாமல் போய், ராத்திரி முழுக்க உட்கார்ந்து மறுபடி அளந்தார். அதே அளவுதான் வந்தது. காலையில் அவருடைய நோட்டைப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதில் சின்ன எம் தெளிவாக இருந்தது. மேலதிகாரியிடம் போய்த் தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். பிறகு அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு இங்கிலீஷ் எல்லாம் தெரியாது சார். மீட்டர்ல எப்படி இருக்கோ அப்படியே எழுதுவேன்" என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தம்பி தங்கைகளே, பெரிய எழுத்து மரியாதைக்கான அடையாளம் அல்ல. மரியாதைக்கு நம்மிடம் "அவர்கள்" இருக்கிறது. இங்கிலீஷில் பெரிய எழுத்து முக்கியமாக இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வாக்கியம் தொடங்குவதைக் காட்டும். இரண்டு, "இது ஒரு பெயர்" என்று சொல்லும். "நான்" என்ற பொருளில் வரும் "ஐ" மட்டும் எங்கே வந்தாலும் பெரிசுதான்.

ஆள், ஊர், நதி, மொழி, கிழமை, மாதம் எல்லாம் பெயர்கள், ஆகவே பெரிய எழுத்து. ஆனால் சம்மர், விண்டர் என்ற பருவங்களுக்குச் சின்ன எழுத்து. பாடங்களில் தமிழ், இங்கிலீஷ் பெரிசு, பிசிக்ஸ் சிறிசு. "எங்கள் காலேஜ்" என்று பொதுவாகச் சொன்னால் சிறிசு, கல்லூரியின் முழுப்பெயரில் வந்தால் பெரிசு. பிரின்சிபாலும் அப்படித்தான். பெயருக்கு முன்னால் பட்டமாக வந்தால் பெரிசு, இல்லாவிட்டால் சிறிசு. அதில் அவமரியாதை எதுவும் இல்லை.

இன்று வேலைக்கு வரும் பயோடேட்டாக்களை நானும் பார்க்கிறேன். "ஹார்ட் ஒர்க்", "டீம் ஸ்பிரிட்" என்று பிடித்த வார்த்தைக்கெல்லாம் தலையில் கிரீடம்! அவை பெயர்கள் அல்ல. கிரீடத்தை இறக்கிவிடுங்கள்.

நம் தொழிலில் இன்னும் கவனம் தேவை. விஞ்ஞானிகளின் பெயரால் வந்த அலகுகளில் குறியீடு பெரிய எழுத்து. நியூட்டனுக்குப் பெரிய என், வாட்டுக்குப் பெரிய டபிள்யூ. ஆனால் அதே அலகை முழு வார்த்தையாக எழுதினால் சின்ன எழுத்தில்தான் தொடங்க வேண்டும். டிகிரி செல்சியஸில் வரும் செல்சியஸ் மட்டும் விதிவிலக்கு. கிலோவுக்குச் சின்ன கே. பெரிய கே போட்டால் அது கெல்வின், வெப்பநிலை ஆகிவிடும். லிட்டருக்குச் சின்ன எல் போட்டால் ஒன்று என்ற எண்ணைப்போலத் தெரிகிறது என்பதால், 1979 முதல் பெரிய எல்லையும் அனுமதித்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் திருத்திவிடும் என்று இருந்துவிடாதீர்கள். மில்லியும் சரியான குறியீடு, மெகாவும் சரியான குறியீடு. எது உங்கள் அளவு என்பது அதற்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

அந்த டெக்னீஷியன் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் சொன்னதை மட்டும் நான் விடவில்லை. எந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும், அளவெடுத்தவரின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.