இணையம் கதவடைத்தால்



வீட்டில் இணையம் வரவில்லையென்றால் நாம் முதலில் செய்வது யாது? பெட்டியை அணைத்துப் போடுகிறோம். வராவிட்டால் மறுபடியும் அணைத்துப் போடுகிறோம். அதற்கும் மசியவில்லையென்றால் கம்பெனிக்காரரை வைகிறோம். முப்பத்தைந்து ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவனாகிய நானும் இவற்றையே செய்தேன். இவற்றைவிடக் கேவலமான ஒன்றையும் செய்தேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

‘இணையம் வரவில்லை’ என்பது ஒரு நோயின் பெயரன்று. ‘உடம்பு சரியில்லை’ என்பது போன்ற பொதுப் பேச்சு அது. ஒரு மாணவன் வகுப்பில் இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் பள்ளிக்கு வரும் சாலையே அறுந்திருக்கலாம். சாலை நன்றாயிருந்து, பதிவேட்டில் அவன் பெயர் இல்லாமற் போயிருக்கலாம். பெயரும் இருந்து, உட்கார இடங்கொடாமல் நிறுத்தி வைத்திருக்கலாம். வீட்டு இணைப்பிலும் இவ்வாறே மூன்று படிகள் உண்டு. முதலில் கம்பி, அடுத்து நுழைவு, அதன்பின் முகவரி. ஒளியிழை வந்த வீடுகள் பலவற்றில் இந்த நுழைவு, பி.பி.பி.ஓ.ஈ. என்னும் முறைப்படி நடைபெறுகிறது. 1999-ஆம் ஆண்டில் வகுத்து வெளியிடப்பெற்ற முறை அது. நம் பெட்டி முதலில், “யாரேனும் இருக்கிறீர்களா?” என்று கூவுகிறது. மறுமுனையிலுள்ள இயந்திரம், “இருக்கிறேன்” என்கிறது. பிறகு பெட்டி தன்னிடமுள்ள பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நீட்டுகிறது. பட்டியலோடு ஒத்துப் பார்த்து, சரியென்றால் ஒரு முகவரி எண்ணைத் தருகிறார்கள். சரியில்லையென்றால் கதவு சாத்தப்படுகிறது.

விண்டோஸ் கணிப்பொறியிலிருந்து நேராகவே இவ்வாறு நுழைவோருக்கு 651 என்ற எண் தோன்றினால், பெரும்பாலும் கூவியதற்கு மறுமொழி வரவில்லை என்று கொள்ளலாம். 691 தோன்றினால், மறுமொழி வந்தது, ஆனால் நீட்டிய பெயரோ சொல்லோ ஏற்கப்படவில்லை. முன்னதற்குக் கம்பியைப் பார்க்க வேண்டும். பின்னதற்குக் கம்பியைத் தொடவே வேண்டுவதில்லை.

நிற்க. என் கதைக்கு வருகிறேன்.

என் பேத்தி பொறியியல் கல்லூரிக் கலந்தாய்வுக்குத் தன் விருப்பப் பட்டியலை இணையத்தில் பதிய வேண்டிய கடைசி நாள் அது. மாலை ஐந்து மணிக்குள் பதிந்தாக வேண்டும். அன்று விடியற்காலையில் மின்சாரம் போய், ஒரு நிமிஷத்திற்குள் திரும்பியது. ஐந்தரை மணிக்கு நான் எழுந்து பார்க்கையில் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்பைக் கண்டேனேயொழிய, அது எந்த விளக்கு என்று படித்தேனில்லை. குண்டூசி ஒன்றை எடுத்து, பெட்டியின் பின்புறத்துச் சிறு துளையில் நுழைத்துப் பத்து விநாடி அழுத்தினேன். ‘ரீசெட்’ என்றால் புதிதாய்த் தொடங்கும் என்பது என் எண்ணம். அது பெட்டியின் நினைவையெல்லாம் துடைத்துவிடும் பொத்தான் என்பதை அப்போது நான் அறியேன். விளக்குகள் எல்லாம் அணைந்து எரிந்தன. சிவப்பு மட்டும் மாறவில்லை. குண்டூசியை மேசையறைக்குள் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன்.

ஏழு மணிக்குப் பேத்தி வந்தாள். அவள் முதலில் விளக்குகளைப் படித்தாள். “தாத்தா, பவர் பச்சை. பான் விளக்கும் அசையாமல் பச்சையாக எரிகிறது. எல்.ஓ.எஸ். எரியவில்லை. இன்டர்நெட் விளக்குத்தான் சிவப்பு” என்றாள். எல்.ஓ.எஸ். என்பது ஒளி வரவில்லை என்று அறிவிக்கும் விளக்கு. அது எரியாதிருப்பதே நலம். அது சிவந்திருந்தால் இழை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பீரோவின் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது நூறு முறை கடவுச்சொல் தட்டினாலும் பயனில்லை. (இழையைக் கழற்றி முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஜிபான் முறையில் வீட்டுக்கு வருவது 1490 நானோமீட்டர் ஒளி, கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாததால் தீங்கற்றது என்று எண்ணலாகாது.) ஆக, எங்கள் வீட்டில் சாலை சரியாகவே இருந்தது, தகராறு நுழைவிலேதான். இவ்வளவையும் அவள் அரை நிமிஷத்தில் கண்டுவிட்டாள்.

ஆனால் அடுத்தாற்போல் அவள் திகைத்தாள். “நம் வீட்டு வைஃபை பெயரையே காணோமே!” என்றாள். துடைத்த பெட்டி, தன் அடியில் ஒட்டியுள்ள பழைய பெயருக்குத் திரும்பியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆயினும் வாய் திறக்கவில்லை. ஒன்பது மணிக்கு அவள் உதவி எண்ணுக்குப் பேசினாள். “யாராவது ரீசெட் அழுத்தினீர்களா?” என்று அந்த அம்மையார் கேட்டார். பேத்தி என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன். “இல்லைங்க” என்று அவள் சொல்லிவிட்டாள். பெட்டி கெட்டிருக்க வேண்டும், நாளைக்கு ஆள் வருவார் என்று முடிவாயிற்று.

நாளைக்கு வந்து என்ன செய்ய? பேத்தி தன் கைப்பேசியுடன் மொட்டை மாடிக்குப் போனாள். எங்கள் தெருவில் அலைவரிசை மெலிவு. பாதிப் பட்டியலில் அறுந்து அறுந்து போயிற்று. நண்பகல் வெயிலில் அவள் முகம் சிவந்து இறங்கி வந்ததைக் கண்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை. குண்டூசியைக் கொண்டுவந்து அவள்முன் வைத்தேன். பிள்ளைகள் கண்ணாடிக் குடுவையை உடைத்துவிட்டு மௌனம் சாதித்தபோது நான் எத்தனை பேரைப் பெஞ்சியின்மேல் நிறுத்தியிருக்கிறேன்! அவள் ஒன்றும் சொல்லவில்லை. “அப்படியானால் பெட்டி கெடவில்லை, தாத்தா” என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் மகிழ்ச்சியே இருந்தது.

அதன்பின் வேலை விரைவாக நடந்தது. மஞ்சள் கம்பியால் கணிப்பொறியைப் பெட்டியோடு பிணைத்து, 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்தாள். இணையம் இல்லாமலே திறக்கும் பக்கம் அது; பெட்டியின் உள்ளறை என்று சொல்லலாம். இங்கே பலரும் தடுமாறுவது மூன்று கடவுச்சொற்களால். வைஃபையில் சேர ஒன்று. பெட்டியின் உள்ளறைக்குள் போக ஒன்று. கம்பெனியின் பட்டியலில் நம்மை நிரூபிக்க ஒன்று. ஒன்றன் சொல்லை மற்றொன்றின் பூட்டில் இட்டுத் திருகினால் எந்தப் பூட்டும் திறவாது. மூன்றாவது சொல், இணைப்புத் தந்தவர் சொல்ல, நான் என் குறிப்பேட்டில் எழுதி வைத்தது. அவள் தட்டினாள், மறுக்கப்பட்டது. மறுபடியும் தட்டினாள், மறுக்கப்பட்டது.

“தாத்தா, இது பூச்சியமா, ஓ என்ற ஆங்கில எழுத்தா?”

எனக்கே தெரியவில்லை. கையெழுத்துக்காக மதிப்பெண் குறைத்த கை இது! பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அங்கே வேறு வேறு என்பதும், பெயரின் கடைசியில் வரும் வாலை விட்டுவிட்டால் பெயரே வேறாகிவிடும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊகித்துக் கொண்டிராமல் அவள் மீண்டும் உதவி எண்ணை அழைத்து, உண்மையைச் சொல்லி, புதுச் சொல் ஒன்று கேட்டு வாங்கினாள். வி-லேன் எண்ணையும் கேட்டு உரிய கட்டத்தில் இட்டாள். அந்த அம்மையார் பதிவைப் பார்த்து இன்னொன்றும் சொன்னாராம். மின்சாரம் சட்டென்று போய் வந்ததால், நாங்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பதாகப் பட்டியல் எண்ணிக்கொண்டு, இரண்டாம் முறை நுழைய விடவில்லை. பழைய பதிவு சற்று நேரத்தில் தானே நீங்கிவிட்டது. அதாவது, ஐந்தரை மணிக்கு நான் காப்பி குடிக்க முதலிலேயே போயிருந்தால், திரும்பி வருவதற்குள் இணைப்பு வந்திருக்கும்.

மூன்று மணி நாற்பது நிமிஷத்திற்குச் சிவப்பு பச்சையாயிற்று. நாலரைக்குள் அவள் பட்டியலைப் பதிந்து முடித்தாள். புதுச் சொல்லை நான் பூச்சியத்தின் குறுக்கே கோடிட்டு எழுதி, பீரோக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். குண்டூசியைப் பேத்தி எங்கே எடுத்து வைத்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.