ஆறு என்பது வழி

ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்பதும் பொருள். மழைநீர் செல்லும் வழியே ஆறு. அவ்வழிகள் கூடும் நிலப்பரப்பே வடிநிலம். கங்கைக்கும் காவிரிக்கும் உரிய இவ்விலக்கணம் வைப்பாற்றுக்கும் உரியது.

இராசபாளையத்து மலைமுகட்டிற்கு மேற்பால் பெய்யும் மழை பெரியாற்றில் விழும். திருவில்லிபுத்தூர் மலைக்கு அப்பால் பெய்வது வைகையிற் சேரும். கீழ்ப்பால் இறங்கும் நீரே வைப்பாறாகி மன்னார் வளைகுடா அடையும்.

பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் நீரில் ஆண்டுக்கு 63.4 கோடி கனமீட்டரை வைப்பாற்றுக்குத் திருப்பும் திட்டத்திற்கு 1995இல் நடுவணரசின் அறிக்கை அணியமாயிற்று. கேரளம் இசையவில்லை, திட்டம் ஏட்டளவில் நின்றது.

அந்நீரைக் கேட்பது உரிமை. வந்த நீருக்கு வழிவிடுவது கடமை. வரத்துக்கால் தூர்ந்தால் கண்மாய் வறளும். கண்மாய் வறண்டால் கிணறும் வறளும். வழியை அடைத்துவிட்டு ஆறு வற்றியதென்று அழுவது அறிவாகுமா? வரத்துக்கால்களை மீட்போம், வைப்பாறு வாழும்!