வாசலில் நின்ற பெண்

(புதுவையில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் தவறு ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் ஜமாஅத்தில் தலாக் விசாரணை. ஆலிம் என்ற முறையில் நானும் அமர்ந்திருந்தேன். கணவன் பேசினான். அவன் மாமா பேசினார். அந்தப் பெண்ணோ கைக்குழந்தையோடு பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். அவள் தம்பி உள்ளே வந்து சொன்னதையே அவள் வாக்குமூலம் என்று பதிவேட்டில் எழுதினோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

சகோதரர்களே! குர்ஆனின் 58வது அத்தியாயம் எதற்காக இறங்கியது? கணவர் 'ளிஹார்' சொல்லித் தம்மை ஒதுக்கியதைப் பற்றி கவ்லா (ரலி) அவர்கள் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களிடம் நேரில் வந்து வழக்காடினார்கள். தம்பியைத் தூது அனுப்பவில்லை! அவர்களுடைய முறையீடு கேட்கப்பட்டது. இதை மதரஸாவில் ஓதிவிட்டு வந்துதான் நான் அந்தக் கையெழுத்தைப் போட்டேன்.

புதுக்கோட்டை தாவூத் ஷரீஃபா கானம் அவர்களை உங்களில் பலர் அறிவீர்கள். 1988ல் பாட்னாவில் நடந்த பெண்கள் மாநாட்டுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனவர். பிறகு 'ஸ்டெப்ஸ்' அமைப்பைத் தொடங்கினார். வரதட்சணை, அடி உதை, ஒரே மூச்சில் தலாக் என்று அவரிடம் வந்த பெண்கள் சொன்னது ஒன்றுதான்: "ஜமாஅத்தில் எங்களைக் கேட்கவே இல்லை." அதனால்தான் 2000களின் தொடக்கத்தில் பெண்கள் ஜமாஅத் உருவானது. இதைப் பற்றி 2011ல் தீபா தன்ராஜ் ஆவணப்படமே எடுத்தார். பெண்களுக்கென்று பள்ளிவாசல் கட்டப் போவதாக அந்த அம்மையார் அறிவித்தபோது வசை வந்தது, மிரட்டலும் வந்தது. அவர் கருத்து எல்லாவற்றிலும் எனக்கு உடன்பாடில்லை. அதற்காக மிரட்டலாமா? மிரட்டியவர்களில் எத்தனை பேர் அந்தப் பெண்களில் ஒருத்திக்காவது மஹரை வாங்கிக் கொடுத்தார்கள்?

"நம் வீட்டுக் குறையை வெளியே சொன்னால் எதிரிக்கு லாபம்" என்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நடந்தது என்ன? நாம் கேட்காததால் ஷாயரா பானு உச்சநீதிமன்றப் படியேறினார். 2017 ஆகஸ்ட் 22ல் முத்தலாக் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2019ல் மூன்றாண்டு வரை சிறை என்று சட்டமும் வந்தது. வாசலில் நின்றவளை உள்ளே அழைத்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்குமா?

புதுவைக்காரர்களுக்கு இன்னொன்று. நம்மை ஆண்ட பிரான்ஸ் 1789ல் மனித உரிமைப் பிரகடனம் செய்ததாகப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது ஆண்களுக்கு மட்டும்தானா என்று கேட்டு, 1791ல் ஒலிம்ப் தெ கூழ் என்ற பெண் ஒரு பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதினார். புரட்சி அரசு 1793 நவம்பர் 3ல் அவர் தலையைத் துண்டித்தது. ஆகவே இது நம் சமுதாயத்துக்கு மட்டுமான நோய் என்று யாரும் நம்மைப் பார்த்து விரல் நீட்ட வேண்டாம். நோய் நமக்கு இல்லை என்று நாமும் சொல்ல வேண்டாம்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். பாதிக்கப்பட்டவளுக்கு மனு எழுதிக் கொடுத்து, காவல் நிலையம் வரை துணைக்குப் போகிறாளே ஒரு பெண், அவளை எப்படி அடக்குகிறார்கள் தெரியுமா? அவள் நடத்தையைப் பற்றிப் புரளி கிளப்புகிறார்கள். அவள் கணவன் கடையில் சாமான் வாங்காதே என்கிறார்கள். வணிகர்களே, அந்தக் கடை உங்கள் வீதியில்தான் இருக்கிறது! அங்கே போய் வாங்குங்கள். அவன் கேட்ட சரக்கைக் கடனுக்குக் கொடுங்கள். இளைஞர்களே, டீக்கடையில் புரளி பேசுகிறவனிடம் "நீ பார்த்தாயா?" என்று கேளுங்கள். ஆதாரமில்லாமல் பெண் மீது அவதூறு சொல்பவனுக்கு மார்க்கத்தில் என்ன தண்டனை என்பது உங்களுக்கே தெரியும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். அந்தப் பெண்ணுக்காக இன்னொருவரும் போய்ச் சொல்லலாம். அவசரத்துக்கு 181 என்ற எண் இருக்கிறது.

அந்தப் பழைய பதிவேடு இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறது. சென்ற மாதம் போய்க் கேட்டேன். "எதற்கு இப்போது?" என்றார்கள். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு மீண்டும் போகிறேன். என்னோடு வர விரும்புகிறவர்கள் தொழுகை முடிந்ததும் வாசலில் நில்லுங்கள்.