சேற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும்
(மயிலாப்பூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் மத்தியில் நிகழ்த்திய பேச்சு)



அடையாறு ஏறக்குறைய 42 கிலோமீட்டர் ஓடிவந்து, பட்டினப்பாக்கத்துக்கும் ஊரூர்க் குப்பத்துக்கும் நடுவே கடலில் விழுகிறது. வழியில் பம்மல், நாகல்கேணி என்று தோல் பதனிடும் வட்டாரம். அப்புறம் பட்டணத்துச் சாக்கடை. குறுக்கே பக்கிங்ஹாம் கால்வாய் வந்து சேர்கிறது. 1877-78 பஞ்சத்தில் பசித்த ஜனங்களைக் கூலிக்கு வைத்து, கூவத்தோடு அடையாற்றை இணைத்து வெட்டிய கால்வாய் அது.

தண்ணீர் கடலுக்குப் போய்விடுகிறது. ஆனால் அதிலுள்ள உலோகமும் எண்ணெயும் களிமண் துகளைப் பற்றிக்கொண்டு அடியில் படிந்து, வருஷக் கணக்கில் கிடக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்தால் எல்லாம் கலங்கி, கரையோரக் குடிசைக்குள் நுழைகிறது.

இந்தச் சேறு விஷமா, இல்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ரசாயன நிபுணர் திராவகம் ஊற்றிக் கரைத்து, ஈயம் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு என்று எழுதித் தருவார். வேண்டியதுதான். ஆனால் தோல் பதனிடப் போடும் குரோமிய உப்பு ஒரு வகை. அதைவிடப் பன்மடங்கு கொடிய குரோமியம் வேறு வகை. மொத்தக் கணக்கில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கறுப்புச் சேற்றில் உள்ள கந்தகம், சில உலோகங்களை இறுகப் பிடித்து உடம்பில் ஏறாமல் வைக்கும். இதற்கு நேர்மாறாக, தனித்தனியே வரம்புக்குள் இருக்கும் பத்துச் சரக்குகள் ஒன்றுசேர்ந்து உயிரை வாங்கும். காகிதம் இதைச் சொல்லாது.

ஆகவே விஞ்ஞானிகள் உயிருள்ள பிராணியையே கேட்கிறார்கள். இது புதிய யோசனையல்ல. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் 1986 வரை விஷவாயுவை அறியக் கானரிக் குருவியைக் கூடவே கொண்டு போனார்கள்.

சேற்றுச் சோதனையை எப்படிச் செய்கிறார்கள்? சிறு கண்ணாடிக் குவளையில் 100 மில்லி சேறு. அதன் மேல் நல்ல தண்ணீர். பக்கத்துக் குவளைகளில் சுத்தமான இடத்துச் சேறு. ஒவ்வொன்றிலும் பத்துக் குஞ்சுகளை விடுகிறார்கள். சேற்றிலேயே வாழும் அரிசியளவு ஜந்து, இறாலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அல்லது அலங்கார மீனுக்குத் தீனியாகப் போடுகிறார்களே, அந்தச் சிவப்புப் புழு. பத்து நாள் கழித்து உயிரோடிருப்பதை எண்ணுகிறார்கள். அந்தச் சின்ன இறால் ஜாதியில், சுத்தச் சேற்றிலேயே சராசரியாகப் பத்துக்கு இரண்டுக்கு மேல் செத்தால் சோதனை முழுவதும் செல்லாது. முதலாளிகளின் கணக்குப் புத்தகத்தில் இந்த நியாயத்தில் பாதியாவது உண்டா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாக்கடைச் சேற்றில் பிராணவாயுக் குறைவாலும் அமோனியாவாலும்கூடப் பிராணிகள் சாகும். அவற்றைத் தினந்தோறும் அளந்து எழுதாவிட்டால், "எங்கள் கழிவு காரணமல்ல, ஊர்ச் சாக்கடைதான்" என்று ஆலைக்காரன் தப்பித்துக்கொள்வான். பத்து நாளில் சாகாத பிராணி 28 நாளில் வளராமல் போகலாம். 42 நாளில் குட்டி போடாமல் போகலாம். அதுவும் விஷத்தின் வேலைதான்.

நம் நாட்டுச் சட்டத்தில் மீனுக்கு இடம் உண்டு. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், கலப்பில்லாத ஆலைக் கழிவுநீரில் விட்ட மீன்களில் 90 சதவீதம் 96 மணி நேரம் கழித்தும் உயிரோடிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது குழாயிலிருந்து வெளிவரும் நீருக்கு. ஆற்றடியில் ஏற்கெனவே படிந்துவிட்ட சேற்றைப் பற்றி அந்த வரியில் ஒரு வார்த்தை இல்லை. அமெரிக்காவிலோ, தூர் வாரிய மண்ணைக் கடலில் கொட்டுமுன் பிராணிகளைக் கொண்டு சோதிக்க 1991-லேயே கையேடு போட்டிருக்கிறார்கள்.

கிராமத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரி வண்டல் வயலுக்கு உரம். அதை நீங்கள் எனக்குச் சொல்லித் தருவீர்கள். பட்டணத்து ஆற்றுச் சேறு லாரியில் வந்தால் அப்படி எண்ணி வாங்கிவிட முடியாது. மண்புழுவை வைத்து 14 நாளில் மண்ணைச் சோதிக்கும் முறை 1984 முதல் உலகில் இருக்கிறது. பெரிய யந்திரம் எதுவும் தேவையில்லை.

ஆற்றையும் கால்வாயையும் தூர் வார ஒப்பந்தம் விடும்போது, சர்க்காரிடம் கேட்க வேண்டியது இதுதான்: வாருமுன் எந்தெந்த இடத்துச் சேற்றை எந்தப் பிராணியைக் கொண்டு சோதித்தீர்கள்? சுத்தச் சேற்றில் எத்தனை பிழைத்தன, இதில் எத்தனை பிழைத்தன? வாரியதை எந்தக் குப்பத்தின் ஓரத்தில் குவிக்கப் போகிறீர்கள்? இடுப்பளவு சேற்றில் இறங்கும் ஆளுக்குக் காலுறையும் கையுறையும் கூலிக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா?