பருத்திச் சட்டையும் வெந்நீரும்
(சங்க ஆண்டு விழாவையொட்டி நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுவதற்கு இங்கே அறிஞர்கள் பலர் உளர். நான் பேச வந்திருப்பது ஒரு சட்டையைப் பற்றி.

சென்ற தீபாவளிக்கு என் தந்தையார் மதுரையிலிருந்து இங்கே தில்லிக்கு, என் மகனுக்கென்று ஒரு கைத்தறிச் சட்டை அனுப்பியிருந்தார். பேரனைக் கண்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டபடியால், அளவை மனக்கணக்காகவே போட்டிருக்கிறார். அணிவித்துப் பார்த்தால் தோள்கள் இரண்டும் சரிந்து தொங்கின. ‘வெந்நீரில் போட்டால் சுருங்கிவிடும்’ என்றார்கள் பக்கத்து வீட்டார். நானும் கொதிநீரில் அமிழ்த்தி, அடித்துத் துவைத்து, வெயிலில் உலர்த்தினேன். விளைவு என்ன? நீளம் குறைந்து சட்டை இடுப்புக்கு ஏறிற்று. தோளோ முன்போலவே தொங்கிற்று! போதாக்குறைக்குச் சாயமும் போயிற்று.

காரணத்தைப் பிறகுதான் அறிந்தேன். தறியில் பாவு நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி நெய்கிறார்கள். நீரில் நனைந்ததும் இழை பருக்கிறது. இழுவிசை தளர்ந்த நூல், ஊடையைச் சுற்றி மேலும் வளைகிறது. துணியின் நீளம் குறைகிறது. வெப்பமும் அலசலும் இதற்குத் துணை செய்கின்றன. சட்டையில் பாவு பெரும்பாலும் மேலிருந்து கீழாக அமைவதால், நீளம் குறையும் அளவுக்கு அகலம் குறைவதில்லை. ஆகவே தோள் பெருத்த சட்டைக்கு வெந்நீர் மருந்தன்று.

எல்லாத் துணியும் சுருங்குவதுமில்லை. துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடும் முறையை அமெரிக்கரான சான்ஃபோர்டு க்ளூயெட் 1930-ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். ‘சான்ஃபரைஸ்டு’ என்று முத்திரையிட்டு வருவது அதுவே. அத்தகைய துணியையும், பாலியெஸ்டர் மிகுதியாகக் கலந்த துணியையும் வெந்நீரிலிட்டுப் பயனில்லை.

நீளம் மட்டுமே மிகுந்திருந்தால் முயன்று பார்க்கலாம். முதலில் வெள்ளைத் துணியை நனைத்து, சட்டையின் உள்மடிப்பில் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் விட்டுவிடுங்கள். ஒட்டாவிடில், நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, இழுக்காமல் பிழிந்து, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். மீண்டும் அளந்து பார்த்து, போதாவிட்டால் அடுத்த முறை சூட்டைச் சற்றுக் கூட்டுங்கள். அவசரம் கூடாது, சுருங்கிய துணியைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது அரிது.

அகலம் மிகுந்திருந்தால் ஊசி நூலே கதி. மிகுந்த துணியை வெட்டாமல் உட்புறம் மடித்துத் தைத்துவிடுங்கள். பிள்ளை வளர வளரத் தையலைப் பிரித்துக்கொள்ளலாம்.

தீபாவளியன்று தொலைபேசியில் என் தந்தையார், “அளவு சரிதானே, அம்மா?” என்று கேட்டபோது என்னால் உண்மையைச் சொல்ல இயலவில்லை. தோள், மார்பு, நீளம் மூன்றையும் அளந்து மறுநாளே எழுதி அனுப்பினேன். பொங்கலுக்கு வந்த சட்டையும் சிறிது பெரியதாகவே இருந்தது. ‘வளர்கிற பிள்ளை அல்லவா?’ என்று சீட்டில் எழுதியிருந்தார்.

இம்முறை நான் அடுப்பில் வெந்நீர் வைக்கவில்லை.