டான்செட் எழுதினால் மட்டும் சீட் வந்துவிடாது

(விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் மாணவர்கள், அவர்களின் பெற்றோரிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



பி.காம்., பி.எஸ்சி., பி.ஏ., பி.இ. என்று எந்தப் பட்டம் படிச்சிருந்தாலும் எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தது 3 ஆண்டு பட்டப்படிப்பு, அதில் 50 சதவீத மதிப்பெண், தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீதம். இதுதான் அடிப்படைத் தகுதி. இறுதியாண்டில் இருப்பவர்களும் நுழைவுத்தேர்வு எழுதலாம்.

தமிழ்நாட்டில் இதற்கான பொது நுழைவுத்தேர்வு டான்செட். மாநில அரசுக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. 2024-இல் மார்ச் 9, 2025-இல் மார்ச் 22 அன்று தேர்வு நடந்தது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால வாட்ஸ்அப்பில் வரும் தேதியை நம்பாமல், அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் இணையதளத்தை நீங்களே திறந்து பாருங்க. முந்தைய ஆண்டுகளில் தேர்வு நடந்த ஊர்களில் விழுப்புரமும் உண்டு. விண்ணப்பத்தில் மையம் தேர்வு செய்யும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துக்கிட்டா, சென்னைக்கு பஸ் ஏறும் அலைச்சல் மிச்சம்.

இப்போ ஒரு முக்கியமான விஷயம். டான்செட் மதிப்பெண் வந்ததும் கல்லூரியில் இருந்து கூப்பிடுவாங்க என்று நிறைய பேர் காத்திருக்காங்க. யாரும் கூப்பிட மாட்டாங்க. தேர்வுக்கு ஒரு விண்ணப்பம், கலந்தாய்வுக்கு இன்னொரு விண்ணப்பம். இரண்டும் வேறு வேறு. கலந்தாய்வை தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் சார்பில் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஒருங்கிணைக்கிறது. தேர்வு முடிவு வந்து சில வாரங்கள் கழித்துத்தான் அந்த அறிவிப்பு வரும். அந்த இடைவெளியில்தான் பலர் கவனத்தை விட்டுடறாங்க. நல்ல மதிப்பெண் கையில் இருந்தும், கலந்தாய்வுக்குப் பதிவு செய்யாமல் விட்டால் அந்த ஆண்டு போச்சு. டான்செட் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டும்தான். அடுத்த ஆண்டு மறுபடியும் கட்டணம், மறுபடியும் தேர்வு.

கலந்தாய்வில் சேரும் இடங்கள் எவை? பல்கலைக்கழகத் துறைகள், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகள், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்கள். இதில் 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. கட்டணத்தில் அரசுக் கல்லூரிக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் உள்ள வித்தியாசம், நம்ம ஊர்க் குடும்பத்துக்கு நகையை அடகு வைப்பதா வேண்டாமா என்ற வித்தியாசம். "டான்செட்டே வேண்டாம், நேரா சீட் வாங்கித் தர்றோம், இன்னைக்கே முன்பணம் கட்டுங்க" என்று யாராவது போன் செய்தால், கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கா என்று முதலில் பாருங்க. இன்னொன்று, சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரணும். கல்லூரி அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. பெற்றோர் இதை மனசுல வச்சுக்கணும்.

அடுத்தது தேர்வு. எம்.பி.ஏ. தாளில் 100 கேள்விகள், 2 மணி நேரம். ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் நிரப்பும் தேர்வு. கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். அதாவது 3 தவறு சேர்ந்தால் ஒரு சரியான விடை காணாமல் போகும்.

ஒரு கணக்கு பாருங்க. ஒருத்தர் 61 கேள்விக்கு மட்டும் விடை எழுதி 55 சரி, 6 தவறு. அவருக்கு 53. இன்னொருத்தர் அதே 61-ஐ எழுதிவிட்டு, மீதியில் 29 கேள்வியைக் குத்துமதிப்பா நிரப்பறார். அதில் 5 சரி, 24 தவறு. மொத்தம் 60 சரி, 30 தவறு. அவருக்கு 50. அதிகம் எழுதியவருக்கு மதிப்பெண் குறைவு. இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ளிவிட முடிகிற கேள்வியில் துணிந்து எழுதலாம். ஒன்றுமே புரியாத கேள்வியை விட்டுடுங்க.

பாடங்களைப் பார்த்தால், கணிதம், ஆங்கில இலக்கணம், பத்தி படித்து விடையளித்தல் மூன்றும் பழகியவை. புதுசாத் தெரிவது இரண்டு. ஒன்று, தகவல் போதுமா என்று கேட்கும் கேள்வி. உதாரணமா, ஒரு வியாபாரி ஒரு மூட்டை மல்லாட்டை விற்றதில் எவ்வளவு லாபம்? தகவல் ஒன்று: 6,000 ரூபாய்க்கு விற்றார். தகவல் இரண்டு: வாங்கின விலையில் 20 சதவீதம் லாபம். முதல் தகவல் மட்டும் போதாது, இரண்டாவது மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்தால் போதும். விடை அதுதான். லாபம் 1,000 ரூபாய் என்று கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. கணக்குப் போட உட்கார்ந்தால் நேரம் போயிடும்.

இரண்டாவது, வணிகச் சூழல் ஆய்வு. ஒரு கம்பெனியின் நிலைமையை ஒரு பத்தியில் கொடுப்பாங்க. விழுப்புரத்தில் கிளை திறப்பதா, திண்டிவனத்தில் திறப்பதா என்று ஒரு முதலாளி யோசிக்கிறார்னு வச்சுக்குங்க. லாபம் பெருகணும் என்பது நோக்கம். வாடகையும் ஆள் நடமாட்டமும் முடிவைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகள். "இன்னும் 2 வருஷத்தில் இங்கே கூட்டம் கூடும்" என்று அவர் நினைப்பது அனுமானம். எது நோக்கம், எது காரணி, எது அனுமானம் என்று பிரிக்கத் தெரிஞ்சா போதும். இதற்கு நாளிதழின் வணிகப் பக்கத்தைத் தினமும் படிப்பது நல்ல பயிற்சி.

தமிழ் வழியில் படிச்சவங்க தயங்க வேண்டாம். கணக்கு உங்களுக்குத் தெரியும், பெயர்தான் புதுசு. சதவீதம் பெர்சன்டேஜ், விகிதம் ரேஷியோ, கூட்டு வட்டி காம்பவுண்ட் இன்ட்ரஸ்ட். இப்படி ஒரு நோட்டில் எழுதி வச்சுக்குங்க. தினமும் அரை மணி நேரம் ஆங்கிலப் பத்தி படிங்க. வாரம் ஒருமுறை, கடிகாரம் வைத்து 2 மணி நேரம் முழுத்தேர்வு எழுதிப் பாருங்க. தேர்வில் கால்குலேட்டர், செல்போன் கிடையாது. அதனால வாய்ப்பாடு, பின்னம் எல்லாம் மனசுல ஓடணும்.

இப்போ சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பிறப்பிட-இருப்பிடச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், அல்லது உங்க செல்போனிலேயே பொதுமக்கள் நுழைவில் விண்ணப்பிக்கலாம். முதலில் கேன் எண் பதிவு செய்யணும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகும். பழங்குடியினர் சான்று கோட்ட அளவிலான அதிகாரி தருவது, அதற்குக் கூடுதல் நாள் ஆகலாம். கடைசித் தேதிக்கு முந்தின நாள் போய் நின்றால் யாராலும் உதவ முடியாது. ஜனவரியிலேயே முடிச்சுடுங்க.

நம்ம பகுதிக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கை. பக்கத்திலேயே இருப்பதால் புதுச்சேரிக் கல்லூரிகளில் படிப்பவர்கள் இங்கே நிறைய. அது வேறு ஆட்சிப்பகுதி. தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்தான் என்று காட்ட இருப்பிடச் சான்று தேவைப்படும். விண்ணப்பிக்கும் முன்பே வாங்கி வச்சுக்குங்க. அடுத்து, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. வீட்டுக்குள் தண்ணி வந்தால் பெட்டியில் இருக்கும் காகிதம் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சான்றுகளின் டிஜிட்டல் நகலை டிஜிலாக்கரில் சேமித்து வைங்க.

விண்ணப்பத்தில் உங்க பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பது போலவே இருக்கணும். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் இப்பவே திருத்துங்க.

திருச்சி ஐ.ஐ.எம். 2011-இல் தொடங்கியது. அங்கே சேர ஆசைப்படுபவர்கள் நவம்பரில் நடக்கும் கேட் தேர்வு எழுதணும். அதற்கு மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்று மட்டும் போதாது. கிரீமி லேயர் அல்லாதவர் என்று மத்திய அரசு வடிவத்தில் தரப்படும் ஓ.பி.சி. சான்று தனியாக வேணும். இதைத் தெரியாமல் பொதுப்பிரிவில் விண்ணப்பித்தால், இருக்கும் உரிமையை நாமே விட்டுக்கொடுத்த மாதிரி.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை உண்டு. வருமானச் சான்று அதற்கும் தேவைப்படும்.

வீட்டுக்குப் போனதும் மூன்று வேலை செய்யுங்க. பத்தாம் வகுப்புப் பட்டியலையும் ஆதாரையும் பக்கத்தில் வச்சு பெயரை ஒப்பிடுங்க. இல்லாத சான்றுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்க. காலண்டரில் டான்செட் விண்ணப்பம், கலந்தாய்வுப் பதிவு என்று இரண்டு வரியைத் தனித்தனியா எழுதி, வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டுங்க. சான்று விஷயத்தில் தாமதமோ குறையோ இருந்தால் முதல்வரின் உதவி மைய எண் 1100-ஐ அழையுங்க. விண்ணப்ப எண்ணைக் கையில் வச்சுக்கிட்டுப் பேசுங்க, பதில் சீக்கிரம் கிடைக்கும்.