வைத்தியச் செலவு யார் தலையில்?

(சிதம்பரத்தில் ஆலை, விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடலூரில் ஓர் ஆலைத் தோழர் நம்மை மடக்கினார். "என் சம்பளத்தில் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். நடவு நடுகிறவர்களுக்கும் இலவச வைத்தியம் என்கிறீர்களே, அந்தப் பணம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். முதலாளி கேட்டிருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லியிருப்போம். தொழிலாளி கேட்கும்போது உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948இல் வந்தது. 2019 ஜூலையில் நூறு ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய் என்று ஆக்கினார்கள். சம்பளச் சீட்டு உள்ளவருக்கு அது பெரிய துணை. ஆனால் புவனகிரிப் பக்கம் கதிர் அறுக்கும் பெண்ணுக்கு நேற்று ஒரு பண்ணை, இன்று வேறொரு பண்ணை. யார் பிடிப்பது, யார் கட்டுவது? இன்னொன்றும் கேளுங்கள். அந்த 1948 சட்டமே பருவகால ஆலைகளை விலக்கி வைத்தது. சர்க்கரை உற்பத்தியும் அந்தப் பட்டியலில் இருந்தது. கரும்பு வெட்டியவருக்கும் இல்லை, பிழிந்தவருக்கும் இல்லை!

அப்படியானால் கூலி வேலை செய்கிறவர் ஒன்றும் தருவதில்லையா? சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் போனுக்குப் பணம் போட்டாலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். இலவசம் என்ற சொல்லே நமக்குப் பிடிக்கவில்லை. வாங்கிய பணத்துக்குக் கணக்குக் கேட்கிறோம், அவ்வளவுதான். மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைச் சர்க்கார்கள் சுகாதாரத்துக்குச் செலவிடும், 2025க்குள் அதை எட்டுவோம் என்று மத்திய சர்க்கார் 2017இல் எழுதி வைத்தது. 2025 வந்து போயிற்று. இரண்டரை வரவில்லை.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். 2009இல் தொடங்கி, 2012இல் பெயர் மாறி வந்த மாநிலத் திட்டத்தால் இருதய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உண்டு. அதைப் பழிக்க மாட்டோம். ஆனால் அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்குத்தான். காய்ச்சலுக்குக் கடையில் வாங்கும் மாத்திரைக்கு அதை நீட்ட முடியுமா? அதிலும் ஒரு பகுதிப் பணம் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறது.

டாக்டரை உருவாக்கும் செலவு யாருடையது என்பதும் இதே வழக்குத்தான். அது இந்த ஊரிலேயே நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சர்க்கார் 2013இல் தன் கையில் எடுத்தது. ஆனாலும் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர் வருஷத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் கட்டினார். மற்ற அரசுக் கல்லூரிகளில் 14 ஆயிரத்துக்கும் குறைவு. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள், வாரக்கணக்கில் நின்றார்கள். 2021 ஜனவரியில் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. பணம் இல்லை என்று சொன்ன அதே கஜானாதான்! லட்சக்கணக்கில் கடன்பட்டுப் படித்த பிள்ளை கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவானா, கடனை அடைக்க ஓடுவானா?

வரும் மே 1 அன்று கிராமசபை. ஆலைத் தோழர்களுக்கும் விடுமுறை நாள். காலையில் கொடியேற்றிவிட்டு நேரே கிராமசபைக்கு வாருங்கள். நம் சுகாதார நிலையத்தில் டாக்டர் இடம் எத்தனை, காலி எத்தனை, ராத்திரி பிரசவ வலி எடுத்தால் யார் இருப்பார் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.